நிதி, வணிகம், அறிவியல்: மூன்று துறைக்கும் ஒரே ஃப்ரீலான்ஸ் எழுத்தாளர்

தண்ணீரின் தரத்தை அளக்கும் கருவிகளைத் தயாரித்து விற்கும் ஒரு சிறு நிறுவனத்தில், வெளியே போகும் எழுத்து அனைத்துக்கும் நான் பொறுப்பு. ஆய்வகங்களுக்கான தொழில்நுட்ப விளக்கங்கள், கருவியைத் தவணையில் வாங்குவோருக்கான கடன் விளக்கப் பக்கங்கள், எங்கள் கருவிகளைப் பயன்படுத்தும் ஆலைகளைப் பற்றிய கேஸ் ஸ்டடிகள் என மூன்று வகை எழுத்து எங்களுக்கு இடைவிடாமல் தேவைப்படுகிறது. இவற்றை எழுதித் தர ஒரே ஃப்ரீலான்ஸ் காப்பிரைட்டரை அமர்த்தி ஓராண்டுக்கு மேலாகிறது. மூன்று துறைகளிலும் எழுதுவதாகச் சொல்பவர்கள் பலர் இருக்கிறார்கள்; அந்த வாக்கை எந்த அளவுக்கு நம்பலாம் என்ற தயக்கம், எழுத்தாளரை அமர்த்த நினைக்கும் எவருக்கும் இருக்கும். அத்தகையவர்களுக்குப் பயன்படும் என்று கருதியே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். என் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அறிவியல் எழுத்து மிகச் சிறப்பு, நிதி எழுத்து சிறப்பு, வணிக எழுத்து நடுத்தரம். இந்த ஏற்றத்தாழ்வுக்கான காரணத்தை அவருடைய துறையறிவில் தேடிப் பயனில்லை; அவர் வேலை செய்யும் முறையில்தான் அது இருக்கிறது.

பணியை ஒப்படைத்த தொடக்கத்தில் அவரிடமிருந்து ஒரு வரி எழுத்துகூட வரவில்லை. நீண்டதொரு கேள்விப் பட்டியல்தான் வந்தது. இந்தப் பக்கத்தை யார் படிப்பார், படித்த பிறகு அவர் எந்த முடிவை எடுக்க வேண்டும், அந்த முடிவுக்கு அவர் ஏற்கனவே அறிந்திருப்பது எது என்பவை எல்லாக் காப்பிரைட்டர்களும் கேட்கும் கேள்விகள். அவற்றுக்குப் பின் வந்தவைதான் முக்கியமானவை. எங்கள் குறிப்பில் இருந்த ஒவ்வொரு கூற்றையும் தனித்தனியாக எடுத்து, இதை அளந்தது யார், எந்த மாதிரியில், எந்த முறைப்படி, எதனோடு ஒப்பிட்டு என்று கேட்டிருந்தார். பதில் இல்லாத கூற்றுகள் வரைவில் இடம்பெறாது என்றும் எழுதியிருந்தார். எங்கள் பொறியாளர்கள் முதலில் சலித்துக்கொண்டார்கள். இதற்கு முன் நாங்கள் பயன்படுத்திய உள்ளடக்க நிறுவனம் ஒன்று எந்தக் கேள்வியும் கேட்காமல் வழவழப்பான வரைவை விரைவாக அனுப்பிவிடும். அதைச் சரிபார்த்துத் திருத்தும் வேலை அதே பொறியாளர்கள் தலையில் விழும். எழுதி முடித்ததைத் திருத்துவதைவிட, எழுதும் முன் பதில் சொல்வது குறைந்த உழைப்பு என்பதை அவர்களே சீக்கிரம் ஒப்புக்கொண்டார்கள்.

அறிவியல் எழுத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இவருடைய திறமை முழுமையாக வெளிப்பட்டது அங்கேதான். தண்ணீரின் கலங்கலை அளக்கும் கருவிக்கான விளக்கப் பக்கத்துக்காக எங்கள் தொழில்நுட்பக் குழு கொடுத்த தரவுத் தாள்களில் ஒன்றில் என்டியு என்ற அலகும், இன்னொன்றில் எஃப்என்யு என்ற அலகும் இருந்தன. வேறு எவரும் இரண்டையும் ஒன்றாகக் கருதி, ஏதேனும் ஒன்றைத் தேர்ந்து எழுதியிருப்பார்கள். இவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, இந்த அளவுகள் வெள்ளொளி விளக்கைப் பயன்படுத்தும் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 180.1 முறைப்படி எடுக்கப்பட்டவையா, 860 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியைப் பயன்படுத்தும் ஐஎஸ்ஓ 7027 முறைப்படி எடுக்கப்பட்டவையா என்று கேட்டார். ஒரே மாதிரித் தண்ணீரில், குறிப்பாக நிறமுள்ள தண்ணீரில், இந்த இரண்டு முறைகளும் வேறு வேறு எண்களைத் தரக்கூடும் என்பதால், முறையைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்வது வாங்குபவரைத் தவறான ஒப்பீட்டுக்கு இட்டுச்செல்லும் என்பது அவர் வாதம். அது சரியான வாதம். அறிவியல் பட்டம் பெற்றவர்கள் எல்லோருக்கும் இந்தக் கவனம் இருப்பதில்லை. இவருக்கு வேதியியலில் பட்டம் இருக்கிறதா என்று நான் இதுவரை கேட்டதும் இல்லை.

கரைந்துள்ள மொத்தத் திடப்பொருள்களை அளக்கும் சிறு கையடக்கக் கருவியைப் பற்றிய பக்கம் இதைவிடக் கடினமானது. அந்தக் கருவியின் எண் குறைவாக இருந்தால் தண்ணீர் குடிக்கத் தகுந்தது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. விற்பனைக்கு அந்த எண்ணம் வசதியாகவும் இருக்கிறது. கருவி உண்மையில் செய்வது என்னவென்றால், தண்ணீரின் மின்கடத்துதிறனை அளந்து, அதை ஒரு காரணியால் பெருக்கி, லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டுவதுதான். பாக்டீரியாவை அது காணாது. உலக சுகாதார அமைப்பு குடிநீரில் ஆர்சனிக்குக்கு வகுத்துள்ள வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், அதாவது 0.01 மில்லிகிராம், நூற்றுக்கணக்கான மில்லிகிராம்களைக் காட்டும் ஒரு திரையில் இந்த அளவு எந்த மாற்றத்தையும் ஏற்படுத்தாது. இவர் எழுதிய பக்கம் இதை ஒளிக்காமல் சொல்லிவிட்டு, அப்படியானால் இந்தக் கருவி எதற்குப் பயன்படும் என்பதையும் அதே தெளிவோடு விளக்கியது: சுத்திகரிப்புச் சவ்வு பழுதடைகிறதா என்று நாள்தோறும் கண்காணிக்கலாம், ஒரே கிணற்றில் உப்பு ஏறுவதைப் பருவந்தோறும் பின்தொடரலாம். குறையைச் சொன்ன பிறகு பயனைச் சொன்னதால் பயனுக்கு நம்பகத்தன்மை கூடியது. விற்பனைக் குழு கவலைப்பட்டது போல் விசாரணைகள் நின்றுபோகவில்லை. தவறான எதிர்பார்ப்போடு வாங்கிவிட்டுத் திருப்பி அனுப்புகிறவர்களிடமிருந்து வரும் புகார்கள் குறைந்தன என்பதையே நான் பெரிய பலனாகக் கருதுகிறேன்.

இன்னொரு நுணுக்கத்தையும் குறிப்பிட வேண்டும். ஆய்வக அறிக்கைகளில் வரும் "கண்டறியப்படவில்லை" என்ற குறிப்பைப் பலரும் "இல்லை" என்று படித்துவிடுகிறார்கள். ஒரு முறையின் கண்டறியும் வரம்பு, அதாவது அதனால் காணக்கூடிய மிகக் குறைந்த அளவு, லிட்டருக்கு 20 மைக்ரோகிராம் என்றால், ஆர்சனிக்குக்கான 10 மைக்ரோகிராம் என்ற வழிகாட்டு அளவை ஒரு மாதிரி மீறுகிறதா என்று அந்த முறையால் சொல்லவே முடியாது; 15 இருந்தாலும் அறிக்கையில் "கண்டறியப்படவில்லை" என்றே வரலாம். இந்த விளக்கம் எங்கள் பக்கத்தில் இன்று இரண்டு எளிய வாக்கியங்களாக இருக்கிறது. அந்த இரண்டு வாக்கியங்களுக்காகவே சில ஆய்வகங்கள் எங்கள் பக்கத்தைத் தங்கள் புதிய ஊழியர்களுக்குப் படிக்கக் கொடுப்பதாக எங்கள் விற்பனையாளர்கள் சொல்கிறார்கள். அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவுகோலில் ஓர் எண் குறைவது பத்து மடங்கு மாற்றம், இரண்டு எண் குறைவது நூறு மடங்கு மாற்றம் என்பதையும் அவர் இதே சுருக்கத்தோடு எழுதினார்.

நிதி எழுத்தில் அவருடைய பலம் கணக்கை மறுபடி போட்டுப் பார்ப்பது. எங்கள் கருவிகளைத் தவணையில் வாங்க உதவும் கடன் நிறுவனம், ஆண்டுக்கு 10 சதவீத நிலையான வட்டி (ஃப்ளாட் ரேட், அதாவது தொடக்க அசல் முழுவதன் மீதும் கணக்கிடும் வட்டி) என்ற வாசகத்தை அனுப்பி, அதையே பக்கத்தின் தலைப்பாக வைக்கச் சொன்னது. இவர் தவணை அட்டவணையைக் கேட்டு வாங்கினார். 100 என்ற அசலுக்கு ஓராண்டு வட்டி 10, மொத்தம் 110, பன்னிரண்டு மாதத் தவணை ஒவ்வொன்றும் ஏறத்தாழ 9.17. கணக்கு இதுவரை எளிமையானது. ஆனால் கடன் வாங்கியவர் ஒவ்வொரு மாதமும் அசலின் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருவதால், ஆண்டு முழுவதும் சராசரியாக அவர் கையில் இருப்பது அசலில் பாதிக்குச் சற்றே அதிகமான தொகைதான். குறையும் அசலின் மீது கணக்கிட்டால், இதே தவணைக்கு இணையான வட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 18 சதவீதம். உண்மையிலேயே குறையும் அசலில் 10 சதவீதம் என்றிருந்தால், மொத்த வட்டி சுமார் 5.50 மட்டுமே ஆகியிருக்கும். இரண்டு எண்களையும் பக்கத்தில் அருகருகே போட வேண்டும், இல்லையென்றால் அந்தப் பக்கத்தைத் தான் எழுதப்போவதில்லை என்று அவர் சொன்னார். கடன் நிறுவனத்தோடு பேசி, அதன் சட்டப் பிரிவின் ஒப்புதலோடு, அப்படியே போட்டோம். அமெரிக்காவில் 1968 ஆம் ஆண்டிலேயே நுகர்வோர் கடனுக்கு ஆண்டு சதவீத வீதத்தை, அதாவது கடனின் செலவை ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்று காட்டும் எண்ணை, வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று சட்டம் வந்ததற்குக் காரணமும் இத்தகைய குழப்பம்தான். நிறுவனங்களுக்கிடையிலான கடனுக்கு அந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் பொருந்தாது என்பதால், எழுதுபவரின் மனச்சாட்சி அங்கே இன்னும் அதிகம் தேவைப்படுகிறது.

"வட்டியில்லாத் தவணை" என்ற சொற்றொடரிலும் அவர் இதே கண்டிப்பைக் காட்டினார். முழுத் தொகையையும் உடனே செலுத்துபவருக்கு விலையில் தள்ளுபடி உண்டு, தவணையில் வாங்குபவருக்கு இல்லை என்றால், இழந்த தள்ளுபடிதான் வட்டி. அதற்கு மேல் செயலாக்கக் கட்டணமும் இருந்தால் அதுவும் கடனின் விலையில் சேரும். வட்டி 8 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாக உயர்ந்தால் அது 2 சதவீதப் புள்ளி உயர்வு, 25 சதவீத உயர்வு. "2 சதவீத உயர்வு" என்று எழுதுவது பிழை. இந்த வேறுபாட்டை எங்கள் பழைய செய்திமடல்கள் அனைத்திலும் தேடித் திருத்தியதும் அவர்தான், அதைக் கேட்காமலே செய்தார்.

நிதி எழுத்தை நான் மிகச் சிறப்பு என்று சொல்லாமல் சிறப்பு என்று மட்டும் சொல்வதற்குக் காரணம் உண்டு. எச்சரிக்கையின் காரணமாக அவருடைய நிதி வாக்கியங்கள் சில நேரங்களில் நிபந்தனைகளால் நிறைந்துவிடுகின்றன. ஒவ்வொரு வாக்கியத்திலும் "பொதுவாக", "சில சூழ்நிலைகளில்", "ஒப்பந்தத்துக்கு உட்பட்டு" என்று வரும்போது, படிப்பவர் எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியாமல் திணறுகிறார். நிபந்தனைகளைத் திரட்டி ஓரிடத்தில் தெளிவாகச் சொல்லிவிட்டு, மற்ற இடங்களில் துணிந்து எழுதலாம். இதை எடுத்துச் சொன்னபோது அவர் ஏற்றுக்கொண்டு திருத்தினார். ஆனால் அடுத்த பக்கத்தில் பழக்கம் மறுபடி தலைகாட்டியது. தான் நிதி ஆலோசகரோ வழக்கறிஞரோ இல்லை, இறுதி வாசகத்தைத் தகுதியுள்ளவர் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் எழுத்தில் நினைவூட்டுவது மட்டும் குறையாகாது, அது அவசியமான நேர்மை.

வணிக எழுத்துக்கு வருகிறேன். கேஸ் ஸ்டடிகளில் எண்களைப் பொறுத்தவரை இவரைக் குறைசொல்ல இடமில்லை. ஓர் ஆலையில் "பழுது 50 சதவீதம் குறைந்தது" என்று எங்கள் விற்பனைக் குறிப்பில் இருந்ததை, எத்தனையிலிருந்து எத்தனையாக என்று கேட்டு, ஓராண்டில் நான்கிலிருந்து இரண்டாக என்று அறிந்ததும், சதவீதத்தை எடுத்துவிட்டு அந்த எண்களையே எழுதினார். பெற்ற ஆர்டர், ஈட்டிய வருவாய், கைக்கு வந்த பணம் மூன்றையும் ஒன்றாகக் கலக்கும் வழக்கம் வணிக எழுத்தில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. லாபம் காட்டும் நிறுவனம் பணப்புழக்கம் இல்லாமல் திணற முடியும் என்பதை அறிந்து எழுதுபவர்கள் குறைவு, இவர் அறிந்து எழுதுகிறார். "முன்னணி", "முதல்தரம்" போன்ற சொற்களுக்கு ஆதாரம் கேட்பார். அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையமும் பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையமும், விளம்பரக் கூற்றுக்கான ஆதாரம் அது வெளியாகும் முன்பே விளம்பரதாரரின் கையில் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கின்றன. இந்த நெறி எந்த நாட்டில் எழுதுபவருக்கும் நல்லது.

ஆயினும் கேஸ் ஸ்டடி எண்களால் மட்டும் நிற்பதில்லை. மனிதர்கள் சொன்னவற்றால் நிற்கிறது. இவர் ஆவணங்களைப் படிப்பதில் காட்டும் ஊக்கத்தை மனிதர்களிடம் பேசுவதில் காட்டுவதில்லை. ஆலையில் இருப்பவர்களுக்குக் கேள்விகளை மின்னஞ்சலில் அனுப்புகிறார்; அவர்கள் ஒற்றை வரியில் பதில் எழுதுகிறார்கள்; அந்த ஒற்றை வரிகளிலிருந்து கட்டுரை பிறக்கிறது. ஒரு சுத்திகரிப்பு நிலையத்தின் இரவுப் பணியாளர், கருவி பொருத்தப்பட்ட பிறகு மழையிரவில் டார்ச் விளக்கோடு திறந்த தொட்டியின் விளிம்பில் நின்று தண்ணீர் மொள்ளும் வேலை தனக்கு இல்லாமல் போனதைத் தொலைபேசியில் என்னிடம் விரிவாகச் சொன்னார். அந்தக் கருவி அங்கே ஏன் வேண்டும் என்பதற்கு அதைவிட வலுவான காரணம் எதுவும் இல்லை. வரைவில் அது "மாதிரி சேகரிப்புப் பணி எளிமையாக்கப்பட்டுள்ளது" என்று இருந்தது. அவரிடம் இதைப் பற்றிப் பேசினேன். மின்னஞ்சலில் அந்தப் பணியாளர் இதைக் குறிப்பிடவில்லை என்றார். மின்னஞ்சலில் அதை யாரும் குறிப்பிட மாட்டார்கள். பேச்சு கொடுத்தால்தான் வரும், அதுவும் மூன்றாவது நான்காவது கேள்விக்குப் பிறகுதான் வரும். இதனால் அவர் எழுதிய கேஸ் ஸ்டடிகள் எல்லாம் சிக்கல், தீர்வு, பலன் என்ற ஒரே எலும்புக்கூட்டில், பெயர்கள் மட்டும் மாறி, ஒன்றைப் போலவே மற்றொன்றாக இருக்கின்றன. மூன்று துறைகளிலும் எழுதுகிற ஒருவரை அமர்த்த நினைப்பவர்கள், உண்மை ஆவணத்தில் இருக்கும் பணி எது, மனிதர்களின் வாயில் இருக்கும் பணி எது என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவதற்கு இந்த அனுபவமே காரணம். துறையின் பெயரை வைத்துப் பிரிப்பதைவிட இந்தப் பிரிவு அதிகம் பயன்படும்.

கட்டணத்தைப் பொறுத்தவரை அவர் சொற்கணக்கில் வாங்குவதில்லை. பணிக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே பேசி, ஒரு பகுதியை முன்பணமாகவும் மீதியை ஒப்புதலுக்குப் பிறகும் பெறுகிறார். சொற்கணக்கு முறையில் வேலை செய்யும் எழுத்தாளருக்குச் சுருக்கமாக எழுதுவது நட்டம். கண்டறியும் வரம்பைப் பற்றிய அந்த இரண்டு வாக்கியங்களைச் சொற்கணக்கில் விலைபேசியிருந்தால், அவற்றுக்குப் பின்னால் இருந்த படிப்புக்கு அவருக்கு எதுவும் கிடைத்திருக்காது. ஒரு பக்க வளவளப்புக்குப் பன்மடங்கு கிடைத்திருக்கும். கட்டணத்தில் இரண்டு சுற்றுத் திருத்தம் அடங்கும், மூன்றாவது சுற்றுக்குத் தனிக் கட்டணம். இது நியாயமான ஏற்பாடுதான், ஆனால் நிறுவனத்தின் தரப்பில் எல்லோருடைய கருத்துகளையும் ஒரே ஆவணமாகத் திரட்டி அனுப்ப ஒருவர் இருக்க வேண்டும். பொறியாளர் ஒரு நாளும் விற்பனையாளர் மறுநாளும் தனித்தனியே திருத்தம் அனுப்பினால் இரண்டு சுற்றும் தொடக்கத்திலேயே கரைந்துவிடும்.

பதிப்புரிமையை எழுத்தில் தீர்த்துக்கொள்வது மிக அவசியம். ஊழியர் பணியின் பகுதியாக எழுதியது பொதுவாக நிறுவனத்துக்குச் சொந்தமாகும். ஃப்ரீலான்ஸ் எழுத்தாளர் எழுதியது, அமெரிக்கா, பிரிட்டன் உட்படப் பல நாடுகளில், பணம் கொடுத்த காரணத்தால் மட்டும் நிறுவனத்துக்குச் சொந்தமாகிவிடாது, எழுத்துவழி உரிமை மாற்றம் வேண்டும். இவருடைய ஒப்பந்தப் படிவத்தில், முழுத் தொகையும் செலுத்தப்பட்டதும் உரிமை மாறும் என்ற விதி ஏற்கனவே இருந்தது. இயந்திரம் எழுதிய வரைவுகளைப் பயன்படுத்துகிறாரா என்ற கேள்விக்கும் ஒளிவுமறைவின்றிப் பதில் தந்தார்: வரைவு எழுதப் பயன்படுத்துவதில்லை, பயன்படுத்த நேர்ந்தால் முன்பே தெரிவிப்பார், மேற்கோள் காட்டும் ஆய்வுக்கட்டுரை ஒவ்வொன்றையும் மூலத்தில் படித்தே காட்டுவார். சக மதிப்பாய்வு முடிந்த கட்டுரையையும் இன்னும் முடியாத ப்ரீபிரிண்டையும் வேறுபடுத்திக் காட்டுவதும் அவருடைய வழக்கம்.

தனிநபர் சேவைக்கே உரிய இடர் ஒன்று இருக்கிறது. அவர் நோய்வாய்ப்பட்டாலோ வேறு பெரிய பணியில் மூழ்கிவிட்டாலோ மாற்று ஆள் இல்லை. ஒரு கண்காட்சிக்கான கையேடு இக்காரணத்தால் எங்களுக்குத் தாமதமானது. தாமதத்தை அவர் முன்கூட்டியே தெரிவித்தார் என்றாலும், அச்சகத்தில் பதிவு செய்திருந்த நாளை நாங்கள் இழந்தோம். நாள் தவறக்கூடாத பணிகளுக்கு இரண்டாவது எழுத்தாளர் ஒருவரையும் பழக்கி வைத்திருப்பது நல்லது.

எழுத்தாளரைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் காட்டும் பழைய மாதிரிகளை மட்டும் நம்ப வேண்டாம். வெளியான எழுத்தில் எத்தனை கைகள் பட்டிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. உங்கள் சொந்தத் தரவுத் தாள் ஒன்றையும் தவணை அட்டவணை ஒன்றையும் கொடுத்து, உரிய கட்டணத்தோடு, ஒரு பக்கச் சோதனைப் பணி தாருங்கள். வரைவைவிட, வரைவுக்கு முன் அவர் என்ன கேட்கிறார் என்பதைக் கவனியுங்கள். கேள்வியே வராமல் அழகான பக்கம் ஒன்று வந்து சேர்ந்தால், விளம்பர வாசகத்துக்கு அவரை அமர்த்தலாம், கடன் விளக்கத்துக்கும் ஆய்வகப் பக்கத்துக்கும் வேண்டாம்.

எங்கள் ஏற்பாடு இப்போது மாறியிருக்கிறது. கேஸ் ஸ்டடிகளுக்காக, பேட்டி எடுத்துப் பழகிய வேறொரு எழுத்தாளரிடம் ஆலைகளுக்கு நேரில் செல்லும் பொறுப்பைக் கொடுத்திருக்கிறோம். அவர் எழுதியதில் உள்ள எண்களைச் சரிபார்க்கும் பணி மட்டும் இவரிடம் வருகிறது. அறிவியல், நிதிப் பக்கங்கள் முழுவதும் இவரிடமே தொடர்கின்றன. வட்டி வீதமோ அளவீட்டு முறையின் பதிப்போ மாறும்போதெல்லாம் அந்தப் பக்கங்களை மறுபடி படித்துத் திருத்தித் தருவதற்குத் தனிக் கட்டணத்தில் ஓர் உடன்பாடு போட்டிருக்கிறோம். முதல் ஒப்பந்தத்தில் அப்படியொரு விதி இல்லை. இவரையோ இவரைப் போன்றவரையோ அமர்த்துவோர் அதைத் தொடக்கத்திலேயே கேட்டுச் சேர்த்துக்கொள்ளலாம்.